கல்யாண வீடியோ டிவியில் ஓடுகிறது, கணினியில் ஏன் திக்குகிறது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாணம் முடிந்து சில மாதங்களில் வீடியோகிராஃபர் கொண்டுவந்து கொடுப்பது இப்போது டிவிடி அல்ல. ஒரு பென் டிரைவ், அல்லது சின்ன ஹார்டு டிஸ்க். அதில் முழுக் கல்யாணமும் 4கே தரத்தில் இருக்கும். முகப்பில் மாட்டியிருக்கும் புது டிவியில் அது வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. பேரனின் ஃபோனிலும் ஓடுகிறது. வீட்டுக் கணினியில் போட்டால் மட்டும் திருப்பூட்டும் நேரம் பார்த்து படம் நிற்கிறது, தாவுகிறது, நாதஸ்வரம் முன்னே போக மாப்பிள்ளையின் கை பின்னே வருகிறது.

ஃபோனைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய கணினி ஏன் தோற்கிறது என்று கேட்டால், கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் மூன்றுதான். ரேம் போடுங்கள், நெட் பிளானை ஏற்றுங்கள், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுங்கள். முதல் இரண்டும் அநேகமாகச் செலவுக் கணக்கில்தான் சேரும். மூன்றாவது சில நேரம் நிலைமையை இன்னும் மோசமாக்கும். எப்படி என்று கீழே வருகிறது.

ஒரு நொடிக்குள் நடக்கும் வேலை

வீடியோ என்பது வேகமாக மாறும் படங்களின் வரிசை. ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். நம் ஊர்க் கல்யாண வீடியோக்கள் பெரும்பாலும் நொடிக்கு 25 பிரேம் அல்லது 50 பிரேம் கணக்கில் இருக்கும். 25 என்றால் ஒவ்வொரு பிரேமும் 40 மில்லிநொடிக்குள் தயாராகித் திரைக்கு வந்தாக வேண்டும். 50 என்றால் 20 மில்லிநொடி. தாமதமாக வந்த பிரேமை வைத்துக்கொண்டு எந்தப் பயனும் இல்லை, பிளேயர் அதைத் தூக்கி எறிந்துவிடும். திக்கல் என்று நாம் பார்ப்பது இதைத்தான்.

1080பி படத்தில் 1920 × 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் என்று வைத்தால் ஒரு பிரேம் 6.2 எம்பி. நொடிக்கு 25 பிரேம் என்றால் 155 எம்பி. இப்படியே சேமித்தால் ஒரு மணி நேர வீடியோ 560 ஜிபி பிடிக்கும். 4கே என்றால் இதைப்போல நான்கு மடங்கு. எந்தப் பென் டிரைவும் இதற்குக் காணாது. அதனால் வீடியோவைச் சுருக்கித்தான் வைக்கிறார்கள். சுருக்கும் முறைக்கும் விரிக்கும் முறைக்கும் சேர்த்து கோடெக் என்று பெயர்.

சுருக்குவதில் முக்கியமான தந்திரம் ஒன்று உண்டு. எல்லாப் பிரேமையும் முழுதாகச் சேமிப்பதில்லை. அவ்வப்போது ஒரு முழுப் பிரேம். அதற்கு அடுத்து வருபவற்றில் எது மாறியது, எது நகர்ந்தது என்ற குறிப்பு மட்டும். பின்னால் இருக்கும் தேக்குத் தூண் அசையவில்லை என்றால் அதைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. ஆனால் அட்சதையும் பூவும் பறக்கும்போது, சரிகைப் புடவைகள் நிறைந்த கூட்டம் ஒரே நேரத்தில் அசையும்போது, திரை முழுக்க மாற்றம்தான். குறிப்பு நீளும், தரவு கூடும், விரிக்கும் வேலையும் கூடும். அமைதியாக ஓடிக்கொண்டிருந்த வீடியோ சரியாகத் திருப்பூட்டுதல் காட்சியில் திணறுவது இதனால்தான்.

ஆக, ஒவ்வொரு பிரேமும் மூன்று வாசல்களைக் கடக்கிறது.

1. வரத்து: டிஸ்கிலிருந்தோ, பென் டிரைவிலிருந்தோ, நெட்டிலிருந்தோ சுருக்கிய தரவு வந்து சேர வேண்டும்.
2. விரிப்பு: அந்தத் தரவை மீண்டும் படமாக்க வேண்டும். இதைத்தான் டிகோட் என்கிறார்கள்.
3. காட்டல்: தயாரான படத்தைத் திரை சரியான நொடியில் காட்ட வேண்டும்.

இந்த மூன்றில் எங்கே நெரிசல் என்று தெரியாமல் செய்யும் எந்த மாற்றமும் குருட்டாம்போக்குதான்.

காதையும் கண்ணையும் வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம்

பிளேயர்கள் பொதுவாக ஒலியைத்தான் கடிகாரமாக வைத்துக்கொள்கின்றன. ஒலி அறுந்தால் நமக்கு உடனே உறைக்கும், படம் ஒன்றிரண்டு தவறினால் அவ்வளவு தெரியாது. ஆகவே நெருக்கடி வந்தால் ஒலியை விடாமல் ஓட்டி, படத்தைப் பலிகொடுக்கும். இதிலிருந்தே ஒரு சோதனை கிடைக்கிறது.

1. படமும் ஒலியும் சேர்ந்தே நின்று, சேர்ந்தே தொடர்ந்தால், கோளாறு வரத்தில். டிஸ்க், பென் டிரைவ், வைஃபை ஆகியவற்றைப் பாருங்கள்.
2. ஒலி சீராகப் போக, படம் மட்டும் தாவினால் அல்லது பின்தங்கினால், விரிப்பு தாமதம்.
3. எல்லாம் ஓடுகிறது, ஆனால் கேமரா மெதுவாகத் திரும்பும் இடங்களில் மட்டும் சின்னச் சின்னக் குலுக்கல் என்றால், அது காட்டல் சம்பந்தப்பட்டது. அல்லது வீடியோவிலேயே இருக்கும் குறை.
4. முதல் கால் மணி நேரம் ஒழுங்காக ஓடி, அப்புறம் மோசமானால், சூடு.
5. ஆட்கள் அசையும்போது ஓரங்களில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிந்தால், அது திக்கலே இல்லை. பழைய கேசட்டிலிருந்து மாற்றிய வீடியோக்களில் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும். விஎல்சி பிளேயரில் வீடியோ மெனுவில் 'டீஇன்டர்லேஸ்' என்பதை இயக்கினால் போதும்.

கண் சொல்வதை எண்ணாலும் உறுதிசெய்யலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தை வைத்துக்கொண்டு வீடியோவை ஓட்டுங்கள். சிபியு (கணினியின் மையச் சில்லு) 90, 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு, ஜிபியு (படத்துக்கான சில்லு) பகுதியில் 'வீடியோ டிகோட்' என்ற வரைபடம் அசையாமல் கிடந்தால், அடுத்த பகுதி உங்களுக்குத்தான். விஎல்சியில் கண்ட்ரோலும் 'ஜே' விசையும் அழுத்தினால் கோடெக் விவரம் வரும். அதிலேயே புள்ளிவிவரப் பக்கத்தில் எத்தனை பிரேம் இழந்தது என்ற எண் ஏறுவதையும் பார்க்கலாம்.

பெரும்பாலான வீடுகளில் உண்மையான காரணம்: கோடெக்

இன்று புழக்கத்தில் இருக்கும் கோடெக்குகளில் நமக்கு வேண்டியவை நான்கு. எச்.264 என்பது 2003-இல் வந்த தரநிலை. அதன் வாரிசு எச்.265 2013-இல் வந்தது, ஹெச்இவிசி என்றும் சொல்வார்கள். கூகுளின் விபி9 அதே 2013. பல நிறுவனங்கள் கூட்டாக உருவாக்கிய ஏவி1 2018. புதிய கோடெக் ஒவ்வொன்றும் அதே தரத்தைக் குறைந்த அளவில் அடைக்கிறது. அதற்கு ஈடாக விரிப்பதற்கு அதிகக் கணக்கு போட வைக்கிறது.

இந்தக் கணக்கை இரண்டு வழியில் போடலாம். ஒன்று, சிபியு மென்பொருள் வழியாகத் தானே போடுவது. மற்றொன்று, ஜிபியுவுக்குள் இதற்கென்றே பதித்திருக்கும் தனிச் சுற்று போடுவது. இரண்டாவதுதான் வன்பொருள் டிகோடர். தேன்குழல் அச்சில் மாவைப் போட்டு அழுத்தினால் நொடியில் பிழிந்துவிடலாம். அந்த அச்சில் இல்லாத வடிவம் வேண்டும் என்றால் உட்கார்ந்து கையால்தான் செய்ய வேண்டும். டிகோடரும் அப்படித்தான். எந்தக் கோடெக்குக்கு அச்சு பதித்திருக்கிறதோ அதை அநாயாசமாக விரிக்கும், மற்றதைத் தொடவே தொடாது. அந்த வேலை முழுக்கச் சிபியு தலையில் விழும்.

ஃபோன் ஏன் ஜெயிக்கிறது என்பதற்கும் விடை இங்கேதான். ஐபோன்கள் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் எச்.265-இலேயே வீடியோ எடுக்கின்றன. எடுத்ததை ஓட்டவும் அதே சில்லில் சுற்று இருக்கிறது. 4கே டிவிகளிலும் எச்.265 டிகோடர் வழக்கமாக உள்ளே இருக்கும். 2015-க்கு முந்தைய கணினியில் அது இருக்க வாய்ப்பில்லை. இன்டெல் கோர் வரிசையில் நிலவரம் இப்படி:

1. 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை முதல்: எச்.264 விரிக்கும். 1080பி கல்யாண வீடியோவுக்கு இது தாராளம்.
2. 2015-இல் வந்த ஆறாம் தலைமுறை முதல்: எச்.265, ஆனால் 8-பிட் மட்டும்.
3. ஏழாம் தலைமுறை முதல்: 10-பிட் எச்.265, கூடவே விபி9.
4. 2020-இல் தொடங்கிய பதினோராம் தலைமுறை முதல்: ஏவி1.

உங்கள் கணினி எந்தத் தலைமுறை என்பதைப் பெயரே சொல்லும். ஐ5-4590 என்றால் சின்னக் கோட்டுக்குப் பின்னால் முதலில் இருக்கும் 4, அது நான்காம் தலைமுறை. ஐ5-1135ஜி7 என்றால் 11. டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்திலேயே இந்தப் பெயர் இருக்கும்.

இங்கேதான் பலருக்குக் கோபம் வரும். 2013-இல் அத்தனை விலை கொடுத்து வாங்கிய நான்காம் தலைமுறை ஐ7 திணறும் 4கே எச்.265 கோப்பை, பிறகு வந்த மலிவான செலரான் என்4000 பதறாமல் ஓட்டிவிடும். கணக்குப் போடும் வலிமையில் ஐ7-க்குப் பக்கத்தில்கூட அது நிற்க முடியாது. ஆனால் அதில் அந்தச் சுற்று இருக்கிறது, இதில் இல்லை. ஐ7-க்கு எட்டு ஜிபி ரேம் கூடுதலாகப் போட்டாலும் இந்த நிலை மாறாது. ரேம் உதவுவது ஒரே சந்தர்ப்பத்தில்தான்: மொத்தமே 4 ஜிபி இருந்து, பிரவுசரில் பத்து இருபது டேப் திறந்துகிடந்து, விண்டோஸ் இடம் போதாமல் ஹார்டு டிஸ்கை ரேமாகப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தால். அப்போதும் டேப்களை மூடுவது இலவசம்.

10-பிட் பற்றி ஒரு வார்த்தை. 8-பிட் என்றால் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிநிலை, 10-பிட் என்றால் 1024. நிறம் திருத்த வசதி என்பதால் வீடியோகிராஃபர்கள் இப்போது 10-பிட்டில் எடுக்கிறார்கள். எடிட் செய்து தரும் கோப்பு 8-பிட்டாக இருந்தால் பிரச்சினையில்லை. 'எல்லாம் கொடுங்கள்' என்று கேட்டு கேமராவின் மூலக் கோப்புகளை வாங்கி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். எச்.264-லேயே 10-பிட்டாக எடுத்த கேமராக் கோப்புகள் உண்டு. கோடெக் பழசுதானே என்று தோன்றும், ஆனால் பெரும்பாலான கணினிகளின் டிகோடர் அந்த வகையை ஏற்பதில்லை. புதிய கணினியில்கூட அது திக்கினால் கணினியைக் குறை சொல்ல வேண்டாம். அது எடிட்டிங் மேசைக்கான சரக்கு, கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கானது அல்ல.

இனி, விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகு நிலைமை மோசமாகும் கதை. டிகோடர் சுற்று இருந்தும், அதை இயக்கும் கிராஃபிக்ஸ் டிரைவர் இல்லாவிட்டால் பயனில்லை. டிவைஸ் மேனேஜரைத் திறந்து 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதன் கீழே பாருங்கள். இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று ஏதாவது பெயர் இருக்க வேண்டும். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் டிரைவர் ஏறவில்லை என்று பொருள். திரை தெரியும், வேர்டு திறக்கும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் இருக்கும், வீடியோ மட்டும் இழுக்கும். கணினி அல்லது மதர்போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து உரிய டிரைவரை இறக்கிப் போட்டால் அங்கேயே விஷயம் முடிந்துவிடலாம்.

அப்புறம் பிளேயர். விண்டோஸோடு வரும் பிளேயர் எச்.265-ஐ ஓட்ட மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து தனி நீட்சி ஒன்றைக் கேட்கும், அதற்குச் சிறு கட்டணம் உண்டு. விஎல்சிக்கு அது தேவையில்லை. ஆனால் விஎல்சியில் 'பிரிஃபரன்சஸ்' போய் 'இன்புட்/கோடெக்ஸ்' பகுதியில் வன்பொருள் டிகோடிங் 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ எப்போதோ அணைத்து வைத்திருப்பார்கள்.

நெட்டில் பார்க்கும்போது மட்டும் திக்கினால்

யூடியூபில் ஓடும் வீடியோ மீது வலது சொடுக்கு செய்தால் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று ஒரு வரி வரும். அதில் கவனிக்க வேண்டியவை மூன்று: கோடெக், தவறிய பிரேம்கள், பஃபர் (முன்கூட்டியே வந்து சேர்ந்திருக்கும் தரவு) இருப்பு. பஃபரில் பல நொடிகள் கையிருப்பு இருந்தும் தவறிய பிரேம்கள் ஏறிக்கொண்டே போனால் நெட் மீது பழி இல்லை. பஃபர் பூஜ்யத்துக்கு வந்து வந்து போனால் நெட்தான்.

யூடியூபில் 1080பிக்கு மேல் போனால் எச்.264 கிடைப்பதில்லை, விபி9 அல்லது ஏவி1தான். நான்காம் தலைமுறைக் கணினியில் 1440பி, 4கே தேர்ந்தெடுத்தால் சிபியு கொதிப்பது இதனால். 1080பிக்குக் கீழேயும் யூடியூப் புதிய கோடெக்கைத்தான் முதலில் நீட்டும். எச்.264-ஐ மட்டும் கேட்டு வாங்கும் பிரவுசர் நீட்சிகள் இருக்கின்றன, பழைய கணினிக்கு அவை நல்ல மருந்து. குரோமின் செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதியில் கிராஃபிக்ஸ் முடுக்கம் இயக்கத்தில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஒரு நேர்மையான கேள்வியும் கேட்டுக்கொள்ளலாம்: 4கே எதற்கு? பல மடிக்கணினிகளின் திரை 1366 × 768, அதாவது சுமார் 10.5 லட்சம் புள்ளி. 4கே பிரேமில் 83 லட்சம். எட்டில் ஏழு பங்கைக் கஷ்டப்பட்டு விரித்து, காட்டாமல் எறிகிறது அந்தக் கணினி. அந்தத் திரையில் 1080பிக்கும் 4கேக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது சிரமம்.

இப்போது வைஃபை. யூடியூப் தன் 4கே வீடியோவுக்குப் பரிந்துரைப்பது 20 எம்பிபிஎஸ் (நொடிக்கு 20 மெகாபிட், எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்), 1080பிக்கு 5. எனவே 40 எம்பிபிஎஸ் பிளான் வைத்திருப்பவர் 100-க்கு மாறுவதால் படம் சீராகாது. வாசலில் வந்து இறங்கும் வேகம் பின்கட்டுக்குப் போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி. செட்டிநாட்டு வீடுகளில் இது சாதாரண விஷயமில்லை. ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை என்று நீளும் வீடு. முகப்பு, வளவு (முற்றம் உள்ள பகுதி), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று கட்டுக்குக் கட்டு கனத்த சுண்ணாம்புச் சுவர். ரூட்டரை முகப்பில் வைத்துவிட்டு இரண்டாம் கட்டு அறைக்குள் கணினியை வைத்தால், இடையில் எத்தனை சுவர் என்று எண்ணிப் பாருங்கள்.

5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவரில் சீக்கிரம் தளர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு, பக்கத்து வீட்டு ரூட்டர்களோடு மோதும். சோதனை எளிது: ரூட்டர் பக்கத்தில் ஒரு முறை, கணினி இருக்கும் இடத்தில் ஒரு முறை வேகத்தை அளந்து பாருங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் ஈதர்நெட் கேபிள் இழுப்பதுதான் நிரந்தரத் தீர்வு. கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகத்தைக் கொண்டுபோகும். எவ்வளவு நீள வீடானாலும் போதும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய பழைய சுவரில் துளை போட யாருக்கும் மனசு வராது, போடவும் வேண்டாம். மின்வயர் போகும் மரப்பட்டி வழியிலோ, முற்றத்தைச் சுற்றிய உத்தரத்தின் மேலோ கேபிள் ஒட்டிக்கொண்டு போகலாம். மின்வயரோடு ஒரே கட்டாகக் கட்டாமல் சற்று விலக்கினால் நல்லது. கேபிளே ஆகாது என்றால், பல பெட்டிகள் ஒன்றுக்கொன்று சிக்னலைக் கடத்தும் மெஷ் வைஃபை. அதன் இரண்டாவது பெட்டி கணினி அறைக்குள் அல்ல, ரூட்டருக்கும் கணினிக்கும் நடுவே, திறந்த வளவில் இருக்க வேண்டும். சிக்னல் ஏற்கெனவே செத்துப்போன இடத்தில் வைத்தால் அது திரும்ப அனுப்ப ஒன்றும் இருக்காது.

பிரேம் ஒன்றுகூடத் தவறவில்லை, ஆனாலும் குலுங்குகிறது

இந்த ரகம்தான் அதிகம் குழப்பும். சிபியு சும்மா இருக்கிறது, இழந்த பிரேம் பூஜ்யம். ஆனால் டிரோன் வீட்டு முகப்பைச் சுற்றி மெதுவாக வரும் காட்சியில் தூண்கள் துள்ளித் துள்ளி நகர்கின்றன.

நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் வெளிச்சம் படத்தில் மினுக்காமல் இருக்க, கேமரா நொடிக்கு 25 அல்லது 50 என்ற கணக்கில் ஓடுவது வசதி. இந்தியத் தொலைக்காட்சியும் நெடுங்காலமாக 25 பிரேம் முறையில்தான் இருந்தது. ஆனால் கணினித் திரை வழக்கமாக நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும். 60-ஐ 25-ஆல் வகுத்தால் 2.4. ஒரு பிரேமை 2.4 தடவை காட்ட முடியாது. அதனால் சில பிரேம் இரண்டு தடவை, சில பிரேம் மூன்று தடவை என்று மாறி மாறி வரும். அசையாத காட்சியில் தெரியாது, சீரான நகர்வில் கண்ணை உறுத்தும். ரேமோ கிராஃபிக்ஸ் கார்டோ இதைத் திருத்தாது.

திருத்துவது திரையின் எண். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் புதுப்பிப்பு வேகத்தைத் திறந்து பாருங்கள். 50, 75, 100 ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். 75 என்றால் ஒவ்வொரு பிரேமும் சரியாக மூன்று தடவை, 100 என்றால் நான்கு. வீடியோ 50 பிரேமாக இருந்தால் 75 உதவாது, 50 அல்லது 100 வேண்டும். கணினியை டிவியோடு எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்திருப்பவர்களுக்கு 50 பெரும்பாலும் கிடைக்கும். அங்கே இன்னொரு பொறி: பழைய கணினிகளின் எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே அனுப்பினால் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. 50 பிரேம் வீடியோவில் கிட்டத்தட்டப் பாதி அங்கேயே உதிரும். திரையை 1080பிக்கு இறக்கினால் சரியாகிவிடும்.

எதுவும் பலிக்கவில்லையா? வேறு ஃபோனில், வேறு டிவியில் அதே இடத்தை ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றிலும் அதே தூண் அதே இடத்தில் துள்ளினால் குறை கோப்பிலேயே இருக்கிறது. டிரோனும் ஃபோனும் 30 பிரேமில் எடுத்திருக்கும், கேமரா 25-இல் எடுத்திருக்கும், எடிட்டில் எல்லாம் 25 பிரேம் வரிசையில் ஏறியிருக்கும். அப்போது 30-இல் எடுத்த காட்சிகளில் நொடிக்கு ஐந்து பிரேம் கழிந்துபோகும், கிட்டத்தட்ட ஆறில் ஒன்று. 25 பிரேமில் எடுத்ததை ஸ்லோமோஷனாக இழுத்தாலும் இதே கதி. இதைக் கணினியில் சரிசெய்ய வழியே இல்லை, வீடியோகிராஃபரிடம்தான் பேச வேண்டும்.

சூடும் சில்லறைக் காரணங்களும்

செம்மண் தூசி விசிறியில் அடைந்த மடிக்கணினி, சித்திரை மதியம், மெத்தை மேல் வைத்து ஓட்டுவது, மூன்றும் சேர்ந்தால் சில்லு 100 டிகிரி செல்சியஸை நெருங்கி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் சிபியு வேகம் 3 கிகாஹெர்ட்ஸிலிருந்து 1-க்கு இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். விசிறியைச் சுத்தம் செய்து, பழைய தெர்மல் பேஸ்டை மாற்றினால் பலனுண்டு. பேட்டரி சேமிப்பு முறையிலும் இதே குறைப்பு நடக்கும். சார்ஜரைச் செருகிப் பாருங்கள்.

பென் டிரைவ் சந்தேகம் இருந்தால் கோப்பைக் கணினிக்குள் நகலெடுத்து ஓட்டினால் தெளிந்துவிடும். 100 எம்பிபிஎஸ் 4கே கோப்புக்கு நொடிக்கு 12.5 எம்பி வாசிப்பு வேண்டும். மலிவுப் பென் டிரைவ் சில இதிலேயே மூச்சு வாங்கும்.

கையிலிருக்கும் கணினியோடு எப்படிச் சமாளிப்பது

செலவில்லாதவற்றிலிருந்து தொடங்குவோம்.

1. கோப்பை உள் டிஸ்குக்கு நகலெடுத்து ஓட்டுங்கள்.
2. கிராஃபிக்ஸ் டிரைவர், பிளேயரின் வன்பொருள் டிகோடிங் இரண்டையும் சரிபாருங்கள்.
3. கோடெக்கும் கணினியின் தலைமுறையும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 1080பி, எச்.264, 8-பிட் என்று ஒரு நகல் எடுங்கள். பிரேம் வேகத்தை 'மூலத்தில் உள்ளபடி' என்றே விடுங்கள், அதை 30-ஆக மாற்றினால் புதுக் குலுக்கல் சேரும். பழைய கணினியில் இது மணிக்கணக்கில் ஓடும், இரவில் போட்டுவிடலாம். மூலக் கோப்பை அழித்துவிட வேண்டாம்.

மேசைக் கணினிக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு போடலாம் என்பவர்கள் ஒரு விஷயத்தைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் ஜிடி 710 கார்டில் எச்.265 டிகோடர் கிடையாது. இந்த வேலைக்கு அது தண்டம். ஜிடி 1030-இல் 10-பிட் எச்.265, விபி9 இரண்டும் உண்டு, ஏவி1 இல்லை. மடிக்கணினிக்கு இந்த வழியே கிடையாது. டிவியில் பென் டிரைவைச் செருகிப் பார்ப்பதோ, நகல் எடுப்பதோதான்.

இனிமேல்தான் கல்யாணம் என்றால் இவ்வளவும் தேவைப்படாது. வீடியோகிராஃபரிடம் பேசி முடிக்கும்போதே இரண்டு பிரதி கேளுங்கள். ஒன்று 4கே, பாதுகாக்க. மற்றொன்று 1080பி, எச்.264, 8-பிட், 25 பிரேம், பார்க்கவும் மலேசியா, சிங்கப்பூர் உறவுகளுக்கு அனுப்பவும். எடிட்டிங் முடித்த மென்பொருளிலிருந்தே இரண்டாவது பிரதியை எடுக்க அவருக்குக் கூடுதல் உழைப்பு பெரிதாக இல்லை. பென் டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்து தரச் சொல்லுங்கள். ஃபேட்32 என்றால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, அதனால் வீடியோ துண்டு துண்டாக வரும். டிவி பழையதாக இருந்தால் எக்ஸ்ஃபேட்டைப் படிக்கிறதா என்று ஒரு தடவை செருகிப் பார்த்த பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.